கேன்டீன் மேசைக்கு எவ்வளவு, ஹெச்.ஆருக்கு எவ்வளவு?

கேட்டிருப்பவர் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண். கணவரைப் பிரிந்து அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்கு நடக்கிறது. "ஆபீசில் யாருக்கும் தெரியக்கூடாது. ஆனால் கோர்ட்டுக்குப் போக லீவு வேண்டும், கேப் ரூட் மாறிவிட்டது, சாப்பாட்டு மேசையில் கேள்வி வருகிறது. பேசாமல் வேலையை விட்டுவிடலாமா?" இதுதான் கேள்வி.

பல வருடம் ஹெச்.ஆரிலும் பே-ரோலிலும் இருந்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். முதலில் கடைசிக் கேள்விக்கு: விட வேண்டாம். வழக்கு நடக்கும்போது மாதச் சம்பளமும் தினமும் போய் உட்கார ஓர் இடமும் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பது அது இல்லாதவர்களைக் கேட்டால் தெரியும்.

"யாருக்கும் தெரியக்கூடாது" என்று சொல்கிறீர்களே, அதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் என்கிற நிறுவனம் வேறு, ஆபீசில் இருக்கிற மனிதர்கள் வேறு. நிறுவனத்துக்கு உங்களைப் பற்றிச் சில விவரங்கள் தெரிந்தே ஆக வேண்டும். தெரியாவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். மனிதர்களுக்கு நீங்களாகச் சொன்னால் ஒழிய எதுவும் தெரிய வேண்டிய அவசியமில்லை. நான் பார்த்தவரை நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். டீக்கடையில் நின்றுகொண்டு மாமியார் சண்டைவரை கொட்டிவிட்டு, ஹெச்.ஆர். படிவத்தில் மட்டும் பழைய விவரத்தை அப்படியே விட்டுவைக்கிறோம்.

அதனால் முதலில் படிவங்கள். உங்கள் ஃபைலில் 'அவசரத் தொடர்பு' என்று ஓர் இடம் இருக்கும். வேலையில் சேர்ந்தபோது கணவர் பெயரையும் போன் எண்ணையும் எழுதியிருப்பீர்கள். இன்றைக்கே மாற்றுங்கள். நீங்கள் மயங்கி விழுந்தால் அட்மின் ஆள் பார்ப்பது அந்த எண்ணைத்தான். யாரைப் பிரிந்து வந்தீர்களோ அவரே ஆஸ்பத்திரியில் வந்து கையெழுத்துப் போடும் நிலை எதற்கு? பெரும்பாலான நிறுவனங்களில் இதை ஊழியர் போர்ட்டலில் நாமே மாற்றலாம். யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து பி.எஃப். நாமினி. விவாகரத்து ஆனாலும் நாமினி பெயர் தானாக மாறாது. 1952-ஆம் ஆண்டு பி.எஃப். திட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி உண்டு. பெண் உறுப்பினர் ஒருவர் தன் கணவரைக் 'குடும்பம்' என்பதிலிருந்து விலக்க விரும்புவதாக பி.எஃப். ஆணையருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம். தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நாமினி விவரத்தை யு.ஏ.என். என்கிற உங்கள் பி.எஃப். உறுப்பினர் எண்ணை வைத்து உறுப்பினர் தளத்தில் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். கிராஜுவிட்டிக்குத் தனி நாமினி படிவம் இருக்கிறது, அதைப் பலரும் மறந்துவிடுவார்கள். நிறுவனம் குரூப் ஆயுள் காப்பீடு எடுத்திருந்தால் அதற்கும் தனி.

மருத்துவக் காப்பீடு கொஞ்சம் வேறு. தீர்ப்பு வரும்வரை சட்டப்படி அவர் கணவர்தான். அதற்கு முன்னால் அவர் பெயரை எடுப்பதென்றால் உங்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தீர்ப்புக்குப் பிறகு, டிபெண்டன்ட் பட்டியலிலிருந்து நீக்கச் சொன்னால் ஹெச்.ஆரில் ஆதாரம் கேட்பார்கள். அப்போது தீர்ப்பு நகலைக் கொடுக்காதீர்கள், டிகிரி (decree) எனப்படும் சுருக்கமான நீதிமன்ற ஆணையின் நகலைக் கொடுங்கள். தீர்ப்பில் யார் யாரை என்ன சொன்னார்கள், எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று பக்கம் பக்கமாக இருக்கும். டிகிரியில் வழக்கு எண், இரு தரப்பின் பெயர், திருமணம் ரத்தானது என்ற உத்தரவு, அவ்வளவுதான். இன்ஷூரன்ஸ் வேலைக்கு அது போதும். முழுத் தீர்ப்பையும் ஸ்கேன் செய்து ஹெச்.ஆர். பொது மெயிலுக்கு அனுப்பிவிட்டு, பிறகு ரகசியம் எப்படிப் போனது என்று தேடியவர்களை எனக்குத் தெரியும்.

சரி, லீவு. சென்னைக் குடும்ப நீதிமன்றங்கள் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கின்றன. சோழிங்கநல்லூரிலிருந்து பாரிமுனை போய், பெயர் கூப்பிடும்வரை நின்று, வக்கீல் வரும்வரை காத்திருந்து திரும்பினால் அரை நாள் லீவு ஒருநாளும் போதாது. நீதிபதி லீவு என்றால் அடுத்த வாய்தா தேதி மட்டும் வாங்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும். இடையில் கவுன்சலிங் தேதிகள் தனியாக வரும். இருவரும் சம்மதித்துப் போட்ட மனு என்றால் அலைச்சல் குறைவு. ஆறு மாதக் காத்திருப்பைக்கூட நீதிமன்றம் சூழ்நிலை பார்த்துத் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லியிருக்கிறது. எதிர்த்து நடக்கும் வழக்கு என்றால் வருடக்கணக்கு. ஒவ்வொரு தடவையும் காய்ச்சல், பாட்டி செத்துப்போனார் என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. மூன்றாவது காய்ச்சலில் மேனேஜருக்குச் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் உங்கள் குடும்பத்தைப் பற்றி இருக்காது, வேறு கம்பெனிக்கு இன்டர்வியூ போகிறீர்களோ என்றுதான் இருக்கும். அப்ரைசலில் அடி விழுவது அங்கேதான்.

ஆகவே மேனேஜரிடமும் ஹெச்.ஆரிலும் ஒரே ஒரு தடவை, அளவாகச் சொல்லிவிடுங்கள். மெயில் இப்படி இருந்தால் போதும், இங்கிலீஷில் எழுதினாலும் விஷயம் இதுதான்: "சொந்தக் குடும்ப விஷயமாக ஒரு சட்ட நடவடிக்கை போய்க்கொண்டிருக்கிறது. மாதத்தில் ஒரு நாள்போல லீவு தேவைப்படலாம். தேதி தெரிந்ததும் முன்னாலேயே சொல்கிறேன், வேலை நிற்காமல் பார்த்துக்கொள்கிறேன். என் போன் எண், விலாசம், ஷிப்ட் விவரத்தை உறவினர் என்று சொல்லிக்கொண்டு யார் கேட்டாலும் தர வேண்டாம். இதை உங்களோடு வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்." இதில் விவாகரத்து என்ற சொல்லே இல்லை. நல்ல மேனேஜர் அதற்குமேல் கேட்க மாட்டார். கேட்டால், "வக்கீல் பேச வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் சார்" என்பதே முழுப் பதில். வக்கீல்கள் உண்மையாகவே அப்படித்தான் சொல்வார்கள்.

அந்த மெயிலின் கடைசிப் பகுதி முக்கியம். பிரிந்த கணவரோ அவர் வீட்டாரோ ரிசப்ஷனுக்கு வந்து நிற்பதும், போர்டு எண்ணுக்குப் போன் போட்டு "அவ இன்னிக்கு எந்த ஷிப்ட்?" என்று கேட்பதும் சாதாரணமாக நடக்கிறது. செக்யூரிட்டிக்கு யாரும் எதுவும் சொல்லி வைத்திருக்காவிட்டால், "மேடம், உங்க வீட்டுக்காரர் வந்திருக்கார்" என்று மாடி முழுக்கக் கேட்கும்படி இன்டர்காமில் கூப்பிடுவார். அவர்மேல் தப்பில்லை.

இனி மனிதர்கள். சாப்பாட்டு மேசைதான் உங்களுக்குப் பயமாக இருக்கிறது என்று புரிகிறது. நம் ஊர்ப் பெண்களுக்கு ஒரு கூடுதல் கஷ்டம்: கல்யாண விவரம் உடம்பிலேயே எழுதியிருக்கும். தாலி, மெட்டி, வகிட்டில் குங்குமம், இதில் ஒன்று குறைந்தாலும் எதிரில் டிபன் பாக்ஸ் திறக்கும் அக்காவின் கண் அங்கேதான் போகும். அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். நீங்கள் அவரை அக்கா என்று கூப்பிட்டீர்கள், அவர் சொந்த அக்கா போலவே கேட்கிறார்.

அங்கே பொய் சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. ஒழுக்கத்துக்காகச் சொல்லவில்லை, பொய்யைப் பராமரிக்கிற செலவு அதிகம். "தாலிச் செயின் அலர்ஜி" என்றால் அடுத்த வாரம் ஒரு ஸ்கின் டாக்டர் நம்பர் வரும். "அவர் வெளிநாடு போயிருக்கார்" என்றால் எந்த நாடு, எந்தக் கம்பெனி, என் தம்பியும் அங்கேதான் என்று போகும். நீங்கள் சொன்னதை நீங்களே நினைவு வைத்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, உண்மையில் ஒரு துண்டை மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சைத் திருப்பிவிடலாம்.

"என்னம்மா, கழுத்துல சும்மா ஒரு செயின் மட்டும் கெடக்கு?"

"ஆமாக்கா, கொஞ்ச நாளா போடறதில்ல. இந்த வத்தக்குழம்புக்கு நல்லெண்ணெயா ஊத்தறீங்க? வாசனையே தனியா இருக்கே."

முகம் மாறாமல், குரல் இறங்காமல் சொல்ல வேண்டும், அதுதான் இதில் பாதி. கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தாலும் தப்பில்லை. திரும்பக் கேட்டால் அதே பதில், அதே தொனி. மூன்றாவது தடவை கேட்பவரிடம், "வீட்டு விஷயம்க்கா, சொல்லணும்னு தோணும்போது நானே சொல்றேன்" என்று சிரித்தபடி சொல்லிவிடலாம். இதற்கு மேலும் தோண்டுபவர் அரிது. தோண்டினால் மேசையில் இருக்கும் மற்றவர்களே, "விடுங்களேன்" என்பார்கள்.

ஆபீசில் யாரோடும் ஒட்டாமல் இருந்துவிடு என்று பலர் அறிவுரை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாயே திறக்காதவரைப் பற்றித்தான் அதிகம் கதை கட்டுவார்கள். இடைவெளி இருந்தால் ஊர் அதைத் தன் சரக்கால் நிரப்பிவிடும். நிறையப் பேசுங்கள், ஆனால் எதைப் பற்றி என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். அம்மா செய்யும் சமையல், பஸ் கூட்டம், பார்த்த படம், மொட்டைமாடிச் செடி. அடுத்தவர் பிள்ளையின் பரீட்சை என்ன ஆயிற்று என்று நினைவு வைத்துக் கேளுங்கள். வரலட்சுமி நோன்புக்குத் தாம்பூலம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், பொங்கலுக்குக் கோலம் போடக் கூப்பிட்டால் போங்கள். இவ்வளவு கலகலப்பாக இருப்பவரைப் பார்த்து 'தலைக்கனம்' என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பது அவர்களுக்குத் தோன்றவே மாதங்கள் ஆகும்.

இடையில் ஒன்று. இதே மேசையில்தான் வேறொரு துருவலும் நடக்கும். ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், குலதெய்வம் எது, ஆவணி அவிட்டத்துக்கு லீவு உண்டா, வீட்டில் நான்வெஜ் சமைப்பீர்களா. பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதில்லை என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். அந்தப் பழக்கம் பெரும்பாலும் போய்விட்டது, சுற்றி வளைத்துக் கேட்கும் பழக்கம் போகவில்லை. அதற்கும் மேலே சொன்ன வைத்தியமே: ஒரு துண்டு பதில், பிறகு வத்தக்குழம்பு.

ஒரே ஒருவரிடமாவது சொல்லத் தோன்றும். சொல்லுங்கள், தனியாகச் சுமக்க வேண்டாம். ஆனால் அவர் உங்களுக்கு மேலேயும் கீழேயும் இல்லாதவராக, முடிந்தால் வேறு டீமில் இருப்பவராக இருக்கட்டும். நாளைக்கே உங்கள் அப்ரைசலில் கையெழுத்துப் போடப்போகிறவர் இன்றைக்கு எவ்வளவு அன்பாக இருந்தாலும் வேண்டாம்.

விஷயம் பெரும்பாலும் வாய் வழியாகக் கசிவதில்லை. நான் பார்த்தவரை பிரிண்டர் தட்டு, கேப் பட்டியல், லேப்டாப் திரை, இந்த மூன்றும்தான். வக்கீல் அனுப்பிய அபிடவிட்டை ஆபீஸ் பிரிண்டரில் போட்டுவிட்டு, மீட்டிங் முடிந்து எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் முடிந்தது. முதல் பக்கத்திலேயே மனுதாரர், எதிர்மனுதாரர் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் எடுங்கள், அங்கே யாருக்கும் உங்களைத் தெரியாது. கேப் விலாசம் மாறியதை அதே வண்டியில் வருபவர்கள் எப்படியும் கவனிப்பார்கள். "அம்மாகூட இருக்கேன், அங்கிருந்து வர்றது வசதி" என்பது உண்மையும்கூட. டிரான்ஸ்போர்ட் டெஸ்க்குக்குக் காரணம் எழுத வேண்டாம், புது விலாசம் மட்டும் போதும்.

லேப்டாப் விஷயத்தில் கறாராக இருங்கள். வக்கீலோடு ஆபீஸ் மெயிலில் ஒரு வரிகூட வேண்டாம். ஆபீஸ் லேப்டாப்பில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து வைத்திருந்தால், ஸ்கிரீன் ஷேர் செய்யும்போது மூலையில் வக்கீல் பெயரோடு செய்தி வந்து விழும். குரோமில் சொந்தக் கணக்கில் உள்ளே போனால் நீங்கள் தேடியதெல்லாம் அங்கேயும் வந்து நிற்கும். டீம்ஸ், ஸ்லாக்கில் தோழியோடு தனியாகப் பேசுவதையும் தேவைப்பட்டால் நிறுவனம் எடுத்துப் பார்க்க முடியும். காலண்டரில் வாய்தா நாளை 'பர்சனல்' என்று மட்டும் போட்டு, பிரைவேட் என்று குறித்துவிடுங்கள். 'ஃபேமிலி கோர்ட், 10.30' என்று போட்டால் மீட்டிங் வைக்கத் தேடும் ஒவ்வொருவரும் படிப்பார்கள்.

சட்டம் காப்பாற்றாதா என்றால், ஓரளவுக்குத்தான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் தனியார் நிறுவனம் தன் லேப்டாப்பைக் கண்காணிப்பதை அது நேராகத் தடுத்துவிடாது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், வேலை தொடர்பான தேவைக்கு ஊழியரின் விவரங்களைச் சம்மதம் கேட்காமல் பயன்படுத்த முதலாளிக்கு இடம் தருகிறது. ஆபீஸ் கொடுத்த கருவி ஆபீசுடையது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு விஷயத்தில் சட்டம் பரவாயில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி விசாரணை மூடிய அறையில்தான் நடக்க வேண்டும், வழக்கு விவரங்களை யாரும் அச்சிடவோ வெளியிடவோ கூடாது. வேறு சட்டத்தின்கீழ் நடக்கும் திருமணம் என்றாலும், 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி ஒரு தரப்பு கேட்டாலே மூடிய அறையில் நடத்த வேண்டும்.

வழக்கே ஆபீசுக்கு வந்து சேரும் ஒரு வழியும் இருக்கிறது. ஜீவனாம்சம் என்ற பேச்சு வந்தால் இரண்டு தரப்பும் வரவு, சொத்து, கடன் எல்லாம் காட்டி அபிடவிட் போட வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் வழிமுறை வகுத்தது. நீங்கள் சம்பாதிப்பவர் என்பதால் அவரும் உங்களிடம் கேட்கலாம். இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு கணவன், மனைவி இருவருக்கும் பொது. சம்பளத்தைக் குறைத்துக் காட்டினால் எதிர்த் தரப்பு வக்கீல் சும்மா இருக்க மாட்டார். நிறுவனத்திடமிருந்து சம்பள விவரத்தை வரவழைக்கச் சொல்லி மனுப் போடுவார். நீதிமன்ற முத்திரையோடு கவர் ஒன்று தபால் வாங்கும் இன்வர்டு பிரிவில் வந்து இறங்கினால், அதைத் திறக்கும் கைகள் எத்தனை என்று உங்களால் எண்ண முடியாது. பே-ஸ்லிப்புகளை உள்ளது உள்ளபடி நீங்களே தாக்கல் செய்துவிட்டால் அந்தக் கவர் வர வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது.

மெயில் ஐடியில் கணவர் பெயர் இரண்டாம் பெயராக ஒட்டியிருக்கிறதா? நம் பக்கம் பலருக்கு அப்படித்தான். அதை மாற்றுவது மாடி முழுக்க மைக் வைத்துச் சொல்வதற்குச் சமம், எனவே அவசரப்பட வேண்டாம். மெயிலில் தெரியும் பெயர் வேறு, பே-ரோலில் உள்ள பெயர் வேறு. பே-ரோல் பெயர் பான், ஆதாரோடு ஒத்துப்போக வேண்டும். தெரியும் பெயரை ஐ.டி. டீம் ஒரு டிக்கெட்டில் மாற்றிக் கொடுத்துவிடும். டீம் மாறும்போதோ, பிரமோஷன் வரும்போதோ, கம்பெனி மெயில் சிஸ்டமே மாறும்போதோ சேர்த்துச் செய்துகொண்டால் யாரும் கவனிப்பதில்லை.

கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். விஷயம் அரசல்புரசலாகத் தெரிந்ததும் சில ஆண்கள் திடீரென்று அக்கறை காட்டுவார்கள். இரவு 11 மணிக்கு "சாப்டீங்களா?" என்று ஆரம்பிக்கும். "ஒத்தையா இருக்கீங்க, எதுவானாலும் என்கிட்ட சொல்லுங்க" என்று வளரும். பதில் போடாதீர்கள், அழிக்கவும் செய்யாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எல்லை மீறினால் 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடத்தில் இந்தப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். புகாரின் விவரமும் சம்பந்தப்பட்டவர்களின் அடையாளமும் வெளியே போகக்கூடாது என்று அந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவே சொல்கிறது. இந்த இடத்தில் மட்டும் 'வீட்டு விஷயம் வெளியே வந்துவிடுமே' என்று தயங்கி அமைதியாக இருந்துவிடாதீர்கள்.

இதைப் படிக்கும் அரசு ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கணக்கு வேறு. சொத்து வாங்கினால் தெரிவிக்க வேண்டும், முதல் திருமணம் சட்டப்படி இருக்கும்போது இன்னொரு திருமணம் கூடாது என்று நடத்தை விதிகளே வீட்டுக்குள் வருகின்றன. அதே சமயம், ஓர் ஊழியரின் பணிப்பதிவு விவரங்களும் வருமான வரிக் கணக்கும் தனிப்பட்ட தகவல், பொதுநலன் காட்டாமல் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெற முடியாது என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆபீசுக்குக் காட்டுவது வேறு, ஊருக்குக் காட்டுவது வேறு என்பது அங்கேயும் உண்டு.

மறுபடி உங்கள் கேள்விக்கே வருகிறேன். வேலை மாற வேண்டும் என்று உண்மையிலேயே ஆசை இருந்தால், டிகிரி கைக்கு வந்த பிறகு மாறுங்கள். புது இடத்தில் சேரும்போது நிரப்பும் பி.எஃப். படிவத்தில் திருமண நிலையைக் கேட்பார்கள். அங்கே உள்ளதை எழுதுங்கள், அது ஃபைலுக்கு, பக்கத்து சீட்டுக்கு இல்லை. பெயரையும் மாற்றப்போகிறீர்கள் என்றால் ஆதாரில் ஆரம்பித்து பான், வங்கி, பி.எஃப். என்று வரிசையாக முடித்துவிட்டு ராஜினாமா கொடுங்கள். யு.ஏ.என். கூடவேதான் வரும். அதில் ஒரு பெயரும் ஆதாரில் இன்னொரு பெயருமாக இருந்தால், பழைய பணத்தைப் புதுக் கணக்குக்கு மாற்றும்போது சிக்கிக்கொள்ளும். அதைச் சரிசெய்ய, சில சமயம் விட்டு வந்த அதே ஆபீசுக்கு மறுபடி மெயில் போட வேண்டியிருக்கும்.